ரஷ்ய மக்களின் அன்றாட வாழ்வும் சொல்லின் சுதந்திரமும்

ரஷ்யாவைப் பற்றி நம்மிடையே இருவகை எண்ணங்கள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ் நூல்களையும் ‘சோவியத் நாடு’ இதழையும் படித்து வளர்ந்தோர் அதனை உழைப்பாளரின் நாடு என்று எண்ணினர். சிறைப்பட்ட விசுவாசிகளைக் குறித்த சிறு வெளியீடுகளைப் படித்து வளர்ந்தோர் அதனை அடக்குமுறையின் நாடு என்று எண்ணினர். இவ்விரண்டு சித்திரங்களிலும் இடம்பெறாத ஒருவர் உண்டு. வேலைக்குச் சென்று, கடையில் வரிசையில் நின்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் தேநீர்க் கோப்பையுடன் அடுக்களையில் அமர்ந்து உரையாடும் எளிய மனிதரே அவர். அவர் வீரரும் அல்லர்; அடிமையும் அல்லர். அவருடைய வாழ்வில் எவ்வளவு சுதந்திரம் இருந்தது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று அச்சுதந்திரத்தின் எல்லைகள் பெரும்பாலும் இணையத்திலேயே வரையப்படுகின்றன. ஆதலின் இணையத் தணிக்கையின் வரலாற்றையும் அதன் இயக்கத்தையும் சற்று விரிவாகக் காண்போம்.

1. பழைய தணிக்கையும் அடுக்களையும்

சோவியத் ஆட்சி 1922-ஆம் ஆண்டு ‘கிளாவ்லித்’ என்னும் தணிக்கைத் துறையை நிறுவியது. நூலாயினும் நாளிதழாயினும் நாடகமாயினும் அச்சேறுவதற்கும் அரங்கேறுவதற்கும் முன்னரே அதன் பார்வைக்குச் செல்லவேண்டும். இது முன்தணிக்கை எனப்படும். சொல் பிறக்குமுன்னரே அதனைத் தடுப்பது இம்முறையின் இயல்பு. மீறியோருக்குக் கிடைத்த தண்டனையும் சிறியதன்று. தம் படைப்புகளைப் புனைபெயரில் அயல்நாட்டில் வெளியிட்ட சின்யாவ்ஸ்கி, தானியேல் என்னும் இரு எழுத்தாளர்கள் 1966-இல் முறையே 7 ஆண்டும் 5 ஆண்டும் தண்டனை பெற்றனர்.

ஆயினும் மனிதர் பேசாமல் இருப்பதில்லை. 1950-களின் இறுதிவரை நகர மக்களுள் பலர் பல குடும்பங்கள் ஒரே அடுக்களையைப் பகிர்ந்துகொண்ட கூட்டுக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்கே அயலார் காதுக்கு எட்டாத பேச்சு என்று ஒன்று இல்லை. குருஷ்சேவ் காலத்தில் விரைந்து கட்டப்பட்ட சிறு அடுக்கு வீடுகள் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கதவடைக்கக்கூடிய ஓர் அடுக்களையைத் தந்தன. அவ்வடுக்களையே சுதந்திரமான உரையாடலின் இடமாயிற்று. ஒட்டுக்கேட்கும் கருவிகளுக்கு அஞ்சிக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசும் வழக்கம் அக்காலத்தது. தடைசெய்யப்பட்ட எழுத்துகளை மெல்லிய தாளில் கரித்தாள் வைத்துத் தட்டச்சிட்டுக் கைமாற்றிக்கொண்டனர். இதற்குச் ‘சமிஸ்தாத்’ என்று பெயர். தாமே வெளியிடுதல் என்பது பொருள். இரவில் சிற்றலை வானொலியில் அயல்நாட்டுத் தமிழர் இலங்கை வானொலிக்குக் காத்திருந்தது போன்ற ஆர்வத்துடன், அரசின் இரைச்சல் அலைகளினூடே அயல்நாட்டு ஒலிபரப்புகளைத் தேடிக் கேட்டனர். அவ்விரைச்சல் 1988-இன் இறுதியில்தான் முற்றிலும் ஓய்ந்தது.

திருச்சபைகளும் இவ்வழியில் நடந்தன. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் சமய வாழ்வைப் பதிவுபெற்ற கட்டடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடக்கியது. சிறுவருக்குச் சமயம் போதிப்பதைத் தடுத்தது. 1960-களில் அரசின் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்துப் பிரிந்த பாப்திஸ்து சபையினர், 1971-இல் ‘கிறிஸ்தியானின்’ என்னும் மறைவு அச்சகத்தை ஏற்படுத்தித் தாங்களே அமைத்த பொறிகளைக் கொண்டு நற்செய்தி நூல்களை அச்சிட்டனர். 1974-இல் லாத்வியாவில் அவ்வச்சகங்களுள் ஒன்று பிடிபட்டது. வேறிடங்களில் பணி தொடர்ந்தது. மறுபுறம், பதிவுபெற்ற சபையில் இருந்துகொண்டு, அனுமதிக்கப்பட்ட அளவில் அருளுரை ஆற்றி, மந்தையைக் காத்த ஆயர்களும் இருந்தனர். இவ்விரு சாராருக்கும் இடையே எழுந்த மனக்கசப்பு எளிதில் ஆறவில்லை. தணிக்கை, சொல்லை மட்டுமன்றிச் சகோதர உறவையும் வெட்டுகிறது என்பதற்கு இது முதல் சான்று.

2. திறந்த வாசல்

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்த சோவியத் பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்தது. அதே ஆண்டு மனச்சாட்சிச் சுதந்திரச் சட்டமும் வந்தது. 1993 டிசம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற ரஷ்ய அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு சமயச் சுதந்திரத்தையும், 29-ஆம் பிரிவு சிந்தனை, சொல் ஆகியவற்றின் சுதந்திரத்தையும் உறுதி செய்கின்றன. தணிக்கை தடைசெய்யப்படுகிறது என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. இவ்வரிகள் இன்றும் நீக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இக்காலத்தை நாம் மிகையாகப் புகழ்தல் ஆகாது. 1990-கள் எளியோருக்குச் சுதந்திரத்தின் ஆண்டுகளாக மட்டும் அமையவில்லை. ஊதியம் மாதக்கணக்கில் நின்றுபோன ஆண்டுகளாகவும், சேமிப்பு ஒரே நாளில் மதிப்பிழந்த ஆண்டுகளாகவும் அமைந்தன. ஆதலின் 2000-க்குப் பின் எண்ணெய் வருவாயால் வாழ்க்கை நிலைபெற்றபோது, பலர் சொல்லாத ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர் எனலாம். ஆட்சி நடத்துவது உங்கள் பொறுப்பு; எங்கள் வீட்டையும் தொழிலையும் பயணத்தையும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதே அவ்வுடன்பாடு. தந்தையர் காணாத சுதந்திரங்களைப் பிள்ளைகள் துய்த்தனர். அயல்நாடு செல்லலாம், விரும்பியதை வாங்கலாம், விரும்பிய சபையில் வழிபடலாம், விரும்பியதைப் படிக்கலாம். தொலைக்காட்சி அரசின் கைக்குள் வந்த பின்னரும், இணையம் பெரும்பாலும் கைவைக்கப்படாமல் இருந்தது. முதியோர் தொலைக்காட்சியையும் இளையோர் இணையத்தையும் நம்பினர். ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் உருவாயின என்று சொன்னால் மிகையாகாது.

3. இணையம் கட்டுப்பட்ட வரலாறு

2011 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு நிகழ்ந்தது என்று கூறிப் பல்லாயிரவர் மாஸ்கோவில் கூடினர். அவர்களை ஒன்றுசேர்த்தது இணையம். அதன் பின்னரே சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

முதற்சட்டம் 2012-இல் வந்தது. சிறுவரைப் பாதிக்கும் ஆபாசம், போதைப்பொருள், தற்கொலைத் தூண்டுதல் ஆகியவற்றைக் கொண்ட பக்கங்களின் தடைப்பட்டியல் ஒன்று அவ்வாண்டு நவம்பர் 1 முதல் பேணப்பட்டது. பிள்ளைகளைக் காக்கும் சட்டத்தை யார் எதிர்ப்பார்? ஆனால் ஒரு கதவைப் பூட்டும் பொறி அமைந்துவிட்டால், எந்தக் கதவையும் அதனால் பூட்டலாம். 2014 பிப்ரவரி முதல், தீவிரவாதத்தையோ அனுமதியற்ற கூட்டத்தையோ தூண்டுவதாகக் கருதும் பக்கங்களை நீதிமன்ற ஆணையின்றியே தடுக்கும் அதிகாரம் தலைமை அரசு வழக்குரைஞருக்குக் கிடைத்தது. மறு மாதமே எதிர்க்கட்சியினரின் செய்தித்தளங்கள் சில தடுக்கப்பட்டன. இத்தடைகளை நிறைவேற்றும் துறையின் பெயர் ‘ரொஸ்கொம்நட்ஸோர்’.

2016-ஆம் ஆண்டின் ‘யாரொவாயா’ சட்டம் இருமுகம் கொண்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மக்களின் உரையாடல்களையும் செய்திகளையும் ஆறு மாதம் வரை சேமித்து வைக்கவேண்டும் என்றது ஒரு முகம். சமய அறிவிப்புப் பணியை அனுமதி பெற்றோரும் குறித்த இடங்களும் என்ற வரம்புக்குள் அடக்கியது மறு முகம். இணையத்தின் வழியாகச் செய்யும் அறிவிப்பும் இவ்வரையறைக்குள் அடங்கும். அச்சட்டம் வந்த சில வாரங்களுக்குள், ஓரியோல் நகரில் தம் வீட்டில் கூட்டம் நடத்திய அமெரிக்க பாப்திஸ்து ஊழியர் ஒருவருக்கு 40,000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. உரையாடலைக் கேட்கும் சட்டமும் நற்செய்தியை வரையறுக்கும் சட்டமும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டது தற்செயலன்று.

2018 ஏப்ரலில் ‘டெலிகிராம்’ என்னும் செய்திச் செயலியைத் தடுக்க அரசு முயன்றது. அச்செயலி பிற நிறுவனங்களின் கணினி முகவரிகளுக்கு மாறி மாறிச் செல்ல, அரசு அம்முகவரிகளையும் இலட்சக்கணக்கில் தடுக்க, தொடர்பே இல்லாத கடைகளும் சேவைகளும் முடங்கின. டெலிகிராமோ இயங்கிக்கொண்டே இருந்தது. அச்செயலியின் சின்னமான காகித விமானங்களை மக்கள் சன்னல்களிலிருந்து பறக்கவிட்டனர். இரண்டாண்டுகளுக்குப் பின், 2020 ஜூனில் அரசு அத்தடையை விலக்கிக்கொண்டது.

இத்தோல்வியிலிருந்து அரசு பாடம் கற்றது. 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ‘இறையாண்மை இணையச்’ சட்டத்தின்படி, ஒவ்வொரு இணைய நிறுவனத்தின் இணைப்பிலும் அரசே இயக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. இதனை ஓர் அஞ்சலகத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். பழைய முறையில், குறித்த முகவரிக்குச் செல்லும் கடிதத்தைத் தபால்காரர் கொடுக்க மறுத்தார். முகவரியை மாற்றினால் கடிதம் போய்ச் சேர்ந்தது. புதிய முறையில், அஞ்சலகத்தின் நடுவே அமர்ந்த ஒருவர் ஒவ்வோர் உறையையும் தடவிப் பார்க்கிறார். உள்ளே இருப்பதை அவர் படிக்காவிட்டாலும், உறையின் வடிவைக் கொண்டு அது எவ்வகைக் கடிதம் என்று அறிகிறார். அறிந்தபின் கிழித்தெறியவும் செய்யலாம். வேண்டுமென்றே தாமதிக்கவும் செய்யலாம். தாமதிப்பது திறமான முறை. ஏனெனில் தடை என்று எவரும் அறிவிப்பதில்லை. 2021 மார்ச்சில் ‘ட்விட்டர்’ இவ்வாறு மந்தமாக்கப்பட்டது. 2024 கோடையில் யூடியூப் படங்கள் நகராமல் நின்றபோது, அந்நிறுவனம் தன் கருவிகளைப் பேணவில்லை என்று முதலில் காரணம் கூறப்பட்டது.

4. 2022-க்குப் பின்

2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. மார்ச் 4-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, படைகளைப் பற்றிப் ‘பொய்ச்செய்தி’ பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். படைகளை ‘இழிவுபடுத்துவோருக்கு’ முதலில் அபராதம். மீண்டும் செய்தால் குற்றவழக்கு. ‘மாஸ்கோவின் எதிரொலி’ வானொலி அவ்வாரமே நிறுத்தப்பட்டது. முந்திய ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்ற முரத்தோவின் ‘நோவயா கெஸேத்தா’ இதழ் மார்ச் 28-இல் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவை தடுக்கப்பட்டன. அதே மாதத்தில் அயல்நாட்டுப் பணஅட்டை நிறுவனங்களும் பல வணிக நிறுவனங்களும் தாமே விலகிச் சென்றன. ஆகவே எளிய ரஷ்யர் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கதவடைக்கப்பட்டதாக உணர்ந்தார் என்பதை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இதற்கு மக்கள் கண்ட வழி ‘வி.பி.என்.’ என்பது. தம் இணைப்பை மறைகுறியாக்கி அயல்நாட்டுக் கணினி ஒன்றின் வழியாகச் செலுத்தும் ஏற்பாடு அது. முன்னர் கணினி வல்லுநர் மட்டும் அறிந்திருந்த இச்சொல், சில மாதங்களில் பாட்டிமாரும் அறிந்த சொல்லாயிற்று. பேரன் வந்து பாட்டியின் கைப்பேசியில் அதனை அமைத்துக் கொடுப்பது குடும்பக் கடமைகளுள் ஒன்றாயிற்று. அரசு அதனையும் தொடர்ந்து வந்தது. 2024 மார்ச் முதல் தடையைக் கடக்கும் வழிகளைப் பரப்புவது தடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ரஷ்ய அரசின் கோரிக்கைப்படி அத்தகைய செயலிகள் பலவற்றைத் தன் கடையிலிருந்து நீக்கியது.

2025-ஆம் ஆண்டில் கட்டுப்பாடு இன்னும் ஒரு படி இறங்கி, தனிமனிதரின் மேசைக்கு வந்தது. அரசின் தீவிரவாதப் பட்டியலில் உள்ள எழுத்துகளைத் தெரிந்தே தேடிப் பார்ப்போருக்கு 3,000 முதல் 5,000 ரூபிள் வரை அபராதம் விதிக்கும் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அதுகாறும் சொல்வதும் பரப்புவதுமே தண்டிக்கப்பட்டன. இப்பொழுது தேடுவதும் அறிய விரும்புவதும் தண்டிக்கப்படும் நிலை வந்தது. இம்மாற்றம் சிறிதன்று. ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் பேசும் அழைப்புகள் மட்டுப்படுத்தப்பட்டன. மோசடியைத் தடுப்பதற்கே என்று காரணம் கூறப்பட்டது. மூதாட்டிகளின் சேமிப்பைத் தொலைபேசியில் ஏமாற்றிப் பறிக்கும் கூட்டங்கள் இருந்தது உண்மையே. அதே காலத்தில் அரசின் ஆதரவு பெற்ற ‘மாக்ஸ்’ என்னும் உள்நாட்டுச் செயலி, புதிதாக விற்கப்படும் கைப்பேசிகள் யாவற்றிலும் முன்கூட்டியே நிறுவப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது.

அவ்வாண்டு மே முதல், உக்ரைனின் ஆளில்லா விமானங்கள் கைப்பேசி அலைகளைக் கொண்டு வழியறிவதைத் தடுக்கவேண்டும் என்று கூறிப் பல மாநிலங்களில் கைப்பேசி இணையம் அடிக்கடி நிறுத்தப்பட்டது. அன்றாட வாழ்வில் இதன் விளைவு பெரிது. ரஷ்ய நகரங்களில் பணமும் பேருந்துச் சீட்டும் மருத்துவரின் நேரமும் கைப்பேசிக்குள் வந்துவிட்டவை. ஆதலின் கடையில் அட்டை செல்லவில்லை. வாடகை வண்டி கிடைக்கவில்லை. மக்கள் மீண்டும் தாள்பணத்தை வைத்துக்கொள்ளப் பழகினர். பின்னர், நிறுத்தத்தின்போதும் இயங்கக்கூடிய ‘வெள்ளைப் பட்டியல்’ ஒன்று வந்தது. அரசுச் சேவைத்தளமும், உள்நாட்டுக் கடைகளும், மாக்ஸ் செயலியும் அதில் இடம்பெற்றன. 2012-இல் எல்லாம் திறந்திருந்தன, சில மூடப்பட்டன. இப்பட்டியலிலோ எல்லாம் மூடப்பட்டன, சில திறந்துவிடப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளின் கதை இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

வசதியும் கண்காணிப்பும் இங்கே பிரிக்க இயலாதபடி பிணைந்துள்ளன. 2009-இல் தொடங்கிய அரசுச் சேவைத்தளம், அலுவலக வாசலில் நாள்முழுதும் காத்திருந்த மக்களை அத்துன்பத்திலிருந்து விடுவித்தது. அதற்காக அவர்கள் நன்றியுடன் இருந்தனர். 2023-இல் வந்த சட்டம், படைச்சேவைக்கான அழைப்பாணையை அதே தளத்தின் வழியாக அனுப்ப வழிசெய்தது. நேற்று பள்ளியில் இடம் பெற்றுத் தந்த வாசலே இன்று மகனைப் போருக்கு அழைக்கும் வாசலாகவும் ஆகக்கூடும்.

5. அருளுரையும் காட்டிக்கொடுத்தலும்

பழைய தணிக்கை சொல்லை அச்சகத்தில் நிறுத்தியது. இன்றைய தணிக்கை சொல்லை விட்டுவிட்டுச் சொன்னவரைத் தேடுகிறது. அவ்வாறு தேடுவதற்குக் கருவிகள் மட்டும் போதா; அயலாரும் வேண்டும். இவ்விடத்தில்தான் இப்பொருள் திருப்பணியாளராகிய நம்மை நேரே தொடுகிறது.

கொஸ்த்ரோமா மாநிலத்தின் கரபானொவோ என்னும் சிற்றூரில் பணியாற்றிய ஆர்த்தடாக்ஸ் குரு இயோவான் புர்தின், 2022 மார்ச் 6-ஆம் நாள் ஆராதனையில் போரைக் குறித்துப் பேசினார். அந்நாள் தவக்காலத்திற்கு முந்திய ‘மன்னிப்பு ஞாயிறு’. ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். கேட்டிருந்தோர் சிலரே. சில நாட்களுக்குள் படைகளை இழிவுபடுத்தியதாக அவருக்கு 35,000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. மாஸ்கோவின் புறநகரான பலாஷிஹாவில் பெந்தெகொஸ்தே ஆயர் நிக்கொலாய் ரொமன்யூக், 2022 செப்டம்பரில் தம் சபையில் ஆற்றிய அருளுரை இணையத்தில் ஒலிபரப்பானது. விசுவாசிகள் அப்போருக்குச் செல்லலாகாது என்பது அவ்வருளுரையின் கருத்து. இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் கைதானார். 2025 செப்டம்பரில் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சோவியத் காலத்தில் நான்கு சுவர்களுக்குள் ஒலித்த அருளுரை அங்கேயே மறைந்துவிடக் கூடும். இணையத்தில் ஒலித்த அருளுரை ஆண்டுகள் கழித்தும் சாட்சியாக எழுந்து நிற்கிறது.

புனித பேதுரு நகரில் சாஷா ஸ்கொச்சிலென்கோ என்னும் ஓவியர், 2022 மார்ச் இறுதியில் கடையொன்றின் விலைச்சீட்டுகளுக்குப் பதிலாகப் போரைக் குறித்த செய்திகளைத் தாங்கிய ஐந்து சிறு தாள்களை வைத்தார். இணையத்தின் வாசல்கள் மூடியபோது சொல் மீண்டும் தாளுக்குத் திரும்பியது. அக்கடைக்கு வந்த மூதாட்டி ஒருவரே காவல்துறைக்கு முறையிட்டார். ஓவியருக்கு 7 ஆண்டு விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 1-இல் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

அம்மூதாட்டியை நாம் எவ்வாறு காண்பது? ரஷ்ய மொழியில் ‘தொனோஸ்’ என்னும் சொல் உண்டு. அயலாரை அதிகாரிகளிடம் எழுதிக் காட்டிக்கொடுத்தலை அது குறிக்கும். ஸ்டாலின் காலத்தின் நினைவால் அச்சொல் இன்றும் கசப்பு நிறைந்தது. ஆயினும் அதனை எழுதுவோர் எல்லாரும் கொடியவர் அல்லர். தாம் நாட்டைக் காப்பதாக உண்மையாகவே நம்புவோர் உண்டு; பழைய பகையைத் தீர்ப்போர் உண்டு; தாம் முதலில் எழுதாவிட்டால் தம்மைப் பற்றி எழுதப்படும் என்று அஞ்சுவோரும் உண்டு. பெத்தேலின் ஆசாரியனான அமத்சியா, ஆமோசின் சொற்களை நாடு தாங்காது என்று அரசனுக்குச் சொல்லியனுப்பினான் (ஆமோஸ் 7). அவன் ஆலயத்தில் பணிபுரிந்தவன் என்பதை நாம் மறத்தலாகாது. காட்டிக்கொடுத்தல் ஆலயத்திற்கு வெளியே மட்டும் நிகழ்வதில்லை.

இதன் விளைவு வழக்குகளின் எண்ணிக்கையில் அடங்குவதன்று. ஒருவர் சிறை செல்லும்போது, அவரை அறிந்த நூறு பேர் தம் பழைய பதிவுகளை அழிக்கின்றனர். ஆசிரியர் மாணவரை நோக்கிப் பேசுமுன் ஒரு கணம் தயங்குகிறார். ஆயர் மன்றாட்டில் ‘சமாதானம்’ என்னும் சொல்லை உச்சரிக்குமுன் சபையின் பின்வரிசையைப் பார்க்கிறார். தடுக்கப்பட்ட தளத்தை வி.பி.என். கொண்டு எட்டிவிடலாம், தடுக்கப்பட்ட நம்பிக்கையை எட்ட அத்தகைய கருவி இல்லை. தணிக்கையின் ஆழ்ந்த காயம் இதுவே.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சுதந்திரம் ஒரே நாளில் பறிபோவதில்லை. பிள்ளைகளின் நலம், தீவிரவாதத் தடுப்பு, மோசடித் தடுப்பு, போர்க்காலப் பாதுகாப்பு என ஒவ்வொரு படியிலும் மறுக்கவியலாத ஒரு காரணம் இருந்தது. காரணம் உண்மையா என்று கேட்பது போதாது. அக்காரணத்திற்காக அமைத்த பொறி நாளை யார் கையில், எதற்காக இயங்கும் என்றும் கேட்கவேண்டும்.

இரண்டாவது, தனிவாழ்வையும் பொதுவாழ்வையும் சுவர் எழுப்பிப் பிரித்துவிடலாம் என்ற உடன்பாடு நிலைக்கவில்லை. பொதுவில் பேசும் உரிமையை விட்டுக்கொடுத்தவரிடம், இறுதியில் தாயுடன் கைப்பேசியில் பேசும் வழியும் கேட்கப்பட்டது.

மூன்றாவது, மௌனமாக இருப்போரைத் தொலைவிலிருந்து நியாயந்தீர்ப்பது நம் பணியன்று. பிள்ளைகளையும் வேலையையும் முதிய பெற்றோரையும் உடையவர் வாய்திறவாதிருப்பதைக் கோழைமை என்று சொல்வது எளிது. தீய காலத்தில் விவேகமுள்ளவன் மௌனமாயிருப்பான் என்று கூறியவரும், தாமே மௌனமாயிராத அதே ஆமோஸ் என்பதை நினைவிற் கொள்வோமாக. மௌனங்கள் யாவும் ஒன்றல்ல. அஞ்சி ஒடுங்கும் மௌனம் உண்டு. அயலாரைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் மௌனமும் உண்டு. இரண்டாவது மௌனத்தால் பலர் காக்கப்படுகின்றனர். அதனைப் பதிவுசெய்யும் கருவியும் இல்லை, பாராட்டும் செய்தித்தாளும் இல்லை.

யோயாக்கீம் அரசன் எரேமியாவின் சுருளைத் துண்டு துண்டாக அறுத்துக் குளிர்காய்ந்த கணப்பில் எரித்தான். எரேமியா மீண்டும் சொல்ல, பாருக்கு மீண்டும் எழுதினார் (எரேமியா 36). இவ்வரலாற்றில் நாம் பெரும்பாலும் தீர்க்கதரிசியையே நினைக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தரும், ஒளிந்துகொள்ளுங்கள் என்று முன்கூட்டி எச்சரித்த பிரபுக்களும் அதே அதிகாரத்தில் இருக்கின்றனர். கரித்தாள் வைத்துத் தட்டச்சிட்டவர்களும், பாட்டிக்குக் கைப்பேசியை அமைத்துத் தரும் பேரனும், கேட்ட அருளுரையை எவரிடமும் சொல்லாமல் வீடு திரும்பும் விசுவாசியும் அவர்கள் வழிவந்தோரே. ரஷ்ய மக்களுக்காக நம் சபைகளில் மன்றாடும்போது, பெயரறியப்பட்ட சிலரோடு பெயரறியப்படாத இவர்களையும் நினைவுகூர்வது தகும்.